கிரேங்க்கேஸ் மூச்சுக்குழாய்: அடைப்பதா, ஏர் ஃபில்டரில் சேர்ப்பதா?

#1 மலையோட்டி (குமுளி)

அனைவருக்கும் வணக்கம். அப்பா காலத்து டீசல் ஜீப் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஏலக்காய்ச் சாக்கு, உர மூட்டை, சில நேரம் தோட்டத்து ஆட்கள் என்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச காலமாக ஒரு தொல்லை. லோயர் கேம்பிலிருந்து சுமையோடு ஏறிவந்து குமுளி செக்போஸ்ட்டில் நின்றால், பானெட்டுக்கு அடியிலிருந்து நீலமும் வெள்ளையும் கலந்த புகை கிளம்புகிறது. சைலன்சரிலிருந்து அல்ல. டேப்பெட் கவரில் (என்ஜினின் மேல்மூடி) தொடங்கி என்ஜினின் பக்கவாட்டில் இறங்கி, சேசிஸுக்குக் கீழே திறந்தபடி முடிகிற குழாய் ஒன்று இருக்கிறதே, அதன் வாயிலிருந்து. நுனியில் எப்போதும் ஒரு துளி ஆயில் தொங்குகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண் எரிகிறது.

ஒரு பட்டறையில், குழாய்க்குள் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டுவிடலாம், புகை நின்றுவிடும் என்றார்கள். இன்னொரு பட்டறையில், குழாயை நீட்டி ஏர் ஃபில்டர் ஹோஸில் சேர்த்துவிடலாம், புதிய வண்டிகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். எதைக் கேட்பது? தங்கையின் புதுக் காரில் இப்படி ஒரு குழாயே கண்ணில் படவில்லை. அதன் புகை எங்கே போகிறது?

#2 பழைய_ஸ்பேனர் (கொழிஞ்சாம்பாறை)

தம்பி, முதல் பட்டறைக்கு இனி வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே ரிங்குகள்தான் காவல். புத்தம்புது என்ஜினிலும் அந்தக் காவல் முழுமையானதல்ல. சூட்டில் ரிங் விரியும் என்பதால் அதன் இரண்டு நுனிகளுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டே ஆகவேண்டும். எரியும் வாயு அந்த வழியாகவும் ரிங் பள்ளத்தின் வழியாகவும் கீழே, கிரேங்க் தண்டும் ஆயிலும் இருக்கும் கிரேங்க்கேஸுக்குள் இறங்குகிறது. பட்டறைகளில் இதைத்தான் பேக் கம்ப்ரெஷன் என்கிறோம். போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேயத் தேய, ரிங் ஒட்டிக்கொள்ள ஒட்டிக்கொள்ள, இது கூடும். இறங்கிய வாயு ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு வெளியேற வழி தேடுகிறது. உங்கள் ஜீப்பில் அந்த வழிதான் இந்தக் குழாய்.

வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் வராமல் இருந்துவிடாது, எங்கே வரப்பு இளகியிருக்கிறதோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். குழாயை அடைத்தீர்கள் என்றால் முதலில் டிப்ஸ்டிக் எழும்பும். பிறகு டேப்பெட் கவர் பேக்கிங் கசியும். அதற்கும் அடங்காவிட்டால் பின்பக்க ஆயில் சீல் போகும். அந்த சீலுக்குப் பின்னால் இருப்பது கிளட்ச். ஆயில் பட்ட கிளட்ச் பிளேட்டோடு குமுளி மலையில் சுமை ஏற்றிப் பாருங்கள், தெரியும்.

ஏர் ஃபில்டர் விஷயம் வேறு. அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின்மேல் தலைகீழாகச் சும்மா வைத்துப் பாருங்கள். மூடி இலேசாக நடுங்கினால் கவலையில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் என்ஜின் களைத்துவிட்டது என்று பொருள். புகை சீராக வருகிறதா, விட்டுவிட்டுத் தாளக்கட்டோடு வருகிறதா என்பதையும் கவனித்து எழுதுங்கள்.

#3 பதினேழாம்_வளைவு (போடிமெட்டு)

ஐயா சொன்னதில் ஒன்றை நான் இன்னும் உரத்துச் சொல்வேன். திறந்த குழாய்தான் என்ஜினுக்கு நல்லது. அழுக்கை வெளியே விட்டுவிட்டு மேலே சுத்தமான காற்றைக் குடித்தன பழைய வண்டிகள். அம்பாசிடர்கள் அப்படித்தான் காலம் காலமாக ஓடின. இப்போதைய கார்களோ தாங்கள் விட்ட அழுக்கு மூச்சைத் தாங்களே மறுபடி குடிக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்காகச் செய்த வேலை இது. என்ஜினுக்கு இதில் ஒரு நன்மையும் இல்லை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#4 கிரேங்க்_டீச்சர் (பாலக்காடு)

மறுக்கிறேன்.

பழைய குழாய் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால், அது எங்கே தோற்றது என்பதும் தெரிந்துவிடும். குழாயின் கீழ்நுனியைச் சாய்வாக வெட்டி, வெட்டிய வாய் பின்பக்கம் பார்க்கும்படி வைப்பார்கள். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று அந்த வாயருகே அழுத்தத்தைக் குறைத்து உள்ளிருக்கும் புகையை உறிஞ்சும். வெளியேறிய புகைக்கு ஈடாக, ஆயில் ஊற்றும் மூடியில் உள்ள கம்பிவலை வழியே வெளிக்காற்று உள்ளே வரும். அசையும் பாகம் எதுவும் இல்லாத, செலவே இல்லாத ஏற்பாடு. ஆனால் இந்த உறிஞ்சல் ஓரளவு உருப்படியாக நடக்க வண்டி மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும்.

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே சுமையோடு ஏறும் ஜீப் எந்த கியரில், என்ன வேகத்தில் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என்ஜின் முழுச் சுமையில் திணறுகிறது. ரிங்குகளைத் தாண்டும் வாயு உச்சத்தில் இருக்கிறது. அதே நேரத்தில் உறிஞ்சலோ கிட்டத்தட்ட இல்லை. தேவை அதிகமாக இருக்கும் இடத்தில்தான் அந்தக் குழாய் கைவிடுகிறது. மலையோட்டி சொன்ன தொல்லையும் அதுவே. செக்போஸ்ட்டில் நிற்கும் வண்டியில் உறிஞ்சல் பூஜ்யம். புகை தன் சொந்த அழுத்தத்தில்தான் வெளியேறுகிறது, வெளியேறி நேராக மேலே எழுந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் வருகிறது.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டிக் கீழே வரும். கூடவே எரியாத எரிபொருளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வரும். இவற்றை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் ஆயிலோடு கலந்து அமிலமாகும், கருங்குழம்பாகப் படியும். தேவிகுளம், மூணாறு பக்கம் ஜனவரிக் குளிரில், வீட்டிலிருந்து கடைவீதி வரை மட்டும் போய்வரும் கார்களின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடிப்பக்கத்தில் வெண்மஞ்சள் களிம்பு ஒட்டியிருக்கும். தண்ணீரும் ஆயிலும் கலந்த களிம்பு அது. உடனே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பதறவேண்டாம். கூலன்ட் குறையவில்லை என்றால் பெரும்பாலும் இது மூச்சுக் குறைவுதான். எங்கள் பாலக்காட்டு வெயிலில் நீண்ட தூரம் ஓடும் வண்டியில் இதை அரிதாகவே பார்க்கலாம்.

ஆக, கட்டாயமாக உறிஞ்சும் ஏற்பாடு சட்டத்துக்காக மட்டும் வந்ததல்ல. ஆயிலையும் அது காப்பாற்றுகிறது. வரலாற்றிலும் அது சட்டத்துக்கு முந்தியது. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் எம்.பி. ஜீப்பில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் திருகப்பட்ட சின்ன வால்வு ஒன்று கிரேங்க்கேஸ் வாயுவை உள்ளே இழுத்தது. ஆற்றைக் கடக்கும் ராணுவ வண்டிக்குக் கீழே திறந்த குழாய் இருந்தால் தண்ணீர் ஏறிவிடும் அல்லவா?

சட்டம் பின்னால் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டத்துக்குக் கார்கள் கக்கும் ஹைட்ரோகார்பன்கள் ஒரு முக்கியக் காரணம் என்பதை வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களில் நிறுவினார். அப்போதைய காரிலிருந்து வெளியேறிய ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக அல்ல, இந்தத் திறந்த குழாய் வழியாகவே போயிற்று. 1961 மாடலிலிருந்து கலிபோர்னியாவிலும் 1963 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதிலும் புதிய கார்களுக்கு, இப்படிக் கிரேங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு இழுக்கும் பி.சி.வி. வால்வு வந்தது.

#5 பழைய_ஸ்பேனர் (கொழிஞ்சாம்பாறை)

டீச்சர் சொன்னதோடு அம்பாசிடரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய 1489 சி.சி. என்ஜினில் பக்கவாட்டு டேப்பெட் கவரிலிருந்து கீழ்நோக்கிக் குழாய் இறங்கும். அந்த என்ஜினில் கிரேங்க்குக்கு மூன்று பேரிங்தான். பின்முனையில் இன்றைய மாதிரி ரப்பர் லிப் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளம் ஒன்று, சுழலும்போது ஆயிலை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். கிரேங்க்கேஸில் அழுத்தம் ஏறிவிட்டால் அந்தப் பள்ளத்தால் என்ன செய்ய முடியும்? வண்டி நின்ற இடமெல்லாம் ஆயில் பொட்டு வைத்துவிட்டுப் போகும். சீலை மாற்று, சீலை மாற்று என்று கேட்டு வருவார்கள். மாற்றுவதற்கு சீல் இருந்தால்தானே? குழாயையும் மூடியின் கம்பிவலையையும் மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினால் பாதிக் கசிவு அங்கேயே குறைந்துவிடும். அந்தக் கம்பிவலையைக் கழுவியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

#6 வாளையாறு_புல்லட்

இடையே புகுவதற்கு மன்னியுங்கள். என் புல்லட்டிலும் ப்ரீதர் என்கிற இந்த மூச்சுக்குழாய் இருக்கிறது. அதில் ஊதல் மிக அதிகமாக இருக்கிறதே, அதுவும் பேக் கம்ப்ரெஷன்தானா?

#7 பழைய_ஸ்பேனர் (கொழிஞ்சாம்பாறை)

பெரும்பகுதி இல்லை. ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் இறங்கும்போது அடியில் உள்ள காற்று முழுவதையும் தள்ளும், ஏறும்போது திரும்ப இழுக்கும். நாலு சிலிண்டரில் இரண்டு இறங்கும்போது இரண்டு ஏறுவதால் மொத்தக் கொள்ளளவு மாறுவதில்லை. அதனால்தான் உங்கள் வண்டியில் வெளியே போக மட்டும் வழிவிடும் ரப்பர் வாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது விறைத்துப்போயிருந்தால் மாற்றுங்கள். விலை அற்பம்.

#8 குளிர்காற்று (சாந்தன்பாறை)

என்னுடையது டர்போ பெட்ரோல் கார், நேரடி ஊசி என்ஜின். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றியபோது உட்சுவரில் ஆயில் பூசியிருந்தது. சர்வீஸ் சென்டரில் இயல்புதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நண்பர் ஒருவர், கேட்ச் கேன் என்று ஒரு டப்பா கிடைக்கிறது, அதைப் பொருத்தாவிட்டால் வால்வுகளில் கரி பிடித்துவிடும் என்கிறார். மலையோட்டியின் கேள்விதான் எனக்கும்: புதிய காரில் இந்த வாயு எந்த வழியாகப் போகிறது?

#9 கிரேங்க்_டீச்சர் (பாலக்காடு)

முதலில் டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் கார். மலையோட்டியின் தங்கை காருக்கும் இதுவே விடையாக இருக்கலாம். டேப்பெட் கவரில் இரண்டு ஹோஸ்கள் இருக்கும். ஒன்று ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து வடிகட்டிய காற்றை உள்ளே கொண்டுவரும். மற்றொன்று பி.சி.வி. வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். மேனிஃபோல்டின் வெற்றிடம் வாயுவை இழுத்து எரிய அனுப்பிவிடும். வெளியே எதுவும் தெரியாது. பெட்ரோல் கார்களின் கிரேங்க்கேஸிலிருந்து வெளிக்காற்றில் எதுவும் கலக்கக் கூடாது என்பது நம் பாரத் ஸ்டேஜ் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளிலும் உண்டு.

வால்வுக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சிறு பிளஞ்சரும். ஐடிலில் மேனிஃபோல்டு வெற்றிடம் மிக அதிகம். அது பிளஞ்சரை இழுத்து வழியைக் குறுக்கிவிடும். இல்லாவிட்டால் கணக்கில் வராத காற்று புகுந்து ஐடில் தடுமாறும். சமவெளியில் நிதானமாகப் போகும்போது வெற்றிடம் நடுத்தரம், வழி அகலும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது வெற்றிடம் கிட்டத்தட்ட மறைந்துவிடும்; வால்வு திறந்திருந்தும் இழுக்க ஆள் இல்லை. அப்போது மிஞ்சும் வாயு, காற்று வந்த முதல் ஹோஸ் வழியாகவே எதிர்த்திசையில் போய் ஏர் ஃபில்டர் பக்கம் சேர்ந்து, அங்கிருந்து என்ஜினுக்குள் உறிஞ்சப்படும். மேனிஃபோல்டில் தீ பின்னோக்கி வெடித்தால் பிளஞ்சர் எதிர்ப்பக்கம் அடித்து மூடிக்கொண்டு, தீ கிரேங்க்கேஸை எட்டாமல் தடுக்கும். இத்தனை வேலையும் ஒரு கட்டைவிரல் அளவுப் பொருளிடம்!

டர்போவில் ஒரு சிக்கல் கூடுகிறது. டர்போ காற்றை அழுத்தி அனுப்பும்போது, அதாவது பூஸ்ட் ஏறும்போது, மேனிஃபோல்டில் வெற்றிடம் இல்லை, மாறாக அழுத்தம். வால்வு அப்படியே திறந்திருந்தால் அந்த அழுத்தம் கிரேங்க்கேஸுக்குள் பாயும். ஆகவே ஒருவழி வால்வு ஒன்று அந்தப் பாதையை மூடிவிடும். வாயு வேறொரு குழாய் வழியே டர்போவின் உறிஞ்சு வாய்க்கு முன்னால் போய்ச் சேரும். அங்கே எப்போதும் சிறிது உறிஞ்சல் உண்டு. நீங்கள் பார்த்த ஆயில் பூச்சு இந்தப் பாதையில் வந்ததாக இருக்கலாம். மெல்லிய பூச்சு இயல்புதான், அந்தளவில் அவர்கள் சொன்னது சரி. ஹோஸைச் சாய்த்தால் ஆயில் வழிகிறது என்றால் இயல்பு அல்ல. வாயுவிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பிரிப்பானையும் டர்போ சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் அளவும் பாருங்கள்; அதிகம் ஊற்றினால் கிரேங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். சாந்தன்பாறையில் சமதரை கிடைப்பது அரிது, தெரியும். ஆனாலும் சரிவில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றாதீர்கள்.

பல புதிய என்ஜின்களில் பழைய வால்வுக்குப் பதில் டேப்பெட் கவருக்குள்ளேயே ஒரு ரப்பர் டயாபிரம் (சவ்வு) அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது கிழிந்தால் அடையாளம் தெளிவு: ஐடிலில் விசில் ஓசை, ஆயில் மூடியைத் திறக்க முடியாத அளவுக்கு உள்ளிழுப்பு, ஸ்கேனரில் பி 0171 போன்ற காற்று மிகுதிக் குறியீடு. சென்சார்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பணத்தைக் கரைப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

கரி விஷயத்தில் உங்கள் நண்பர் பாதி சரி. பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. நேரடி ஊசி என்ஜினில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பாய்கிறது. வால்வுக்குக் கழுவல் இல்லை. வந்து படியும் ஆயில் ஆவி வெந்து கரியாகிறது. சில தயாரிப்பாளர்கள் இரண்டு வகை ஊசியையும் ஒரே என்ஜினில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கேட்ச் கேன் ஆவியில் ஒரு பகுதியைப் பிடிக்கும், முழுவதையும் அல்ல. பிடித்ததை அடிக்கடி கொட்டவேண்டும். மலைக்குளிரில் தண்ணீரும் சேர்ந்து சீக்கிரம் நிரம்பிவிடும். வாரன்டி உள்ள காரில் நான் கைவைக்க மாட்டேன். வைத்தே தீருவது என்றால் வாயுவை வெளியே விடும் மலிவு டப்பா வேண்டாம். வந்த வாயு திரும்ப இன்டேக்குக்கே போகும் மூடிய வகையாக இருக்கட்டும்.

#10 பதினேழாம்_வளைவு (போடிமெட்டு)

தண்ணீர்க் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். குளிரில் நிற்கும் வண்டிகளின் ஆயில் மூடிக் களிம்பை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் டீச்சரே கரியைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டார். அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

#11 சோதனை_மையம் (மீனாட்சிபுரம்)

புகைச் சான்றிதழ் மையம் நடத்துபவன் என்ற முறையில் ஒரு சிறு தகவல். கார்புரேட்டர் பெட்ரோல் கார்கள் சில, எவ்வளவு டியூன் செய்தாலும் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு அளவில் தேறாது. ஆயிலை மாற்றிவிட்டு வரச் சொல்வேன். பலமுறை தேறிவிடும். சோக் போட்டுப் போட்டு ஓடிய வண்டியில் பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கும். சூட்டில் அது ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே இன்டேக்குக்கு வந்து கலவையைக் கெட்டியாக்கும். கார்புரேட்டர் மேல் பழி போட்டுப் பயனில்லை.

#12 மலையோட்டி (குமுளி)

சோதனை செய்தேன். மூடி நடுங்கவில்லை, துள்ளி விழுந்தது. புகை சீராக வரவில்லை, ஒரே இடைவெளியில் பஃப் பஃப் என்று வருகிறது. இரண்டாவது பட்டறைக்காரர், என்ஜினைத் திறக்கும்வரை ஏர் ஃபில்டரில் சேர்த்து ஓட்டலாம், புகையாவது உள்ளே வராது என்று மறுபடியும் வற்புறுத்துகிறார். தொழில் தெரிந்தவர்தான். சேர்க்கலாமா?

#13 பழைய_ஸ்பேனர் (கொழிஞ்சாம்பாறை)

சேர்க்கக் கூடாது. காரணத்தைக் கேளுங்கள்.

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறியை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம். எரியக்கூடிய எது உள்ளே போனாலும் அழுத்தச் சூட்டில் எரித்துவிடும். என்ஜின் ஆயிலும் அதற்கு எரிபொருள்தான். தேய்ந்த டீசல் என்ஜினின் மூச்சுக்குழாய் ஆவியை மட்டும் தள்ளாது, ஆயிலையே தள்ளும். அதை இன்டேக்கில் சேர்த்துவிட்டால், மலையேற்றத்தில் ஒரு கட்டத்தில் என்ஜின் தன் ஆயிலையே குடித்து வேகமெடுக்கும். வேகம் கூடினால் பேக் கம்ப்ரெஷன் கூடும். அது கூடினால் இன்னும் ஆயில் வரும். சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. அவை நிறுத்துவது டீசலை மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வேனுக்கு இப்படித்தான் ஆயிற்று. ஓட்டுநர் பதறாமல் பிரேக்கை அழுத்தி மிதித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினை அமுக்கி நிறுத்தினார். இல்லையென்றால் கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். இன்னொரு வழி, காற்று உறிஞ்சும் வாயைப் பலகையால் அடைப்பது. கையால் அடைக்கப் போகாதீர்கள், கை தப்பாது.

உங்கள் புகை தாளக்கட்டோடு வருவதைப் பார்த்தால் நான்கும் ஒருசேரத் தேய்ந்த மாதிரித் தெரியவில்லை. ஒரு சிலிண்டர்தான் விடுகிறது போலும். ரிங் ஒட்டியிருக்கலாம், உடைந்திருக்கலாம். லீக் டெஸ்ட் வசதி உள்ள பட்டறையில் காட்டுங்கள். பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, இன்ஜெக்டர் துளை வழியே கம்ப்ரெசர் காற்றைக் கொடுத்து, எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. ஆயில் மூடித் துளையில் சீறினால் ரிங் அல்லது போர், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். பெட்ரோல் வண்டிக்குச் செய்வதுபோல் சிலிண்டரில் ஆயில் ஊற்றி அளக்கும் வேலை இங்கே வேண்டாம்.

#14 பதினேழாம்_வளைவு (போடிமெட்டு)

அப்படியானால் எனக்கு ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. இன்றைய டீசல் கார்களில் கம்பெனியே இந்தக் குழாயை டர்போவுக்கு முன்னால் சேர்த்துத்தானே அனுப்புகிறது? அவை மட்டும் ஏன் தாமாக ஓடிப் போவதில்லை?

#15 கிரேங்க்_டீச்சர் (பாலக்காடு)

நல்ல கேள்வி. கம்பெனி சேர்ப்பது வெறும் குழாயை அல்ல. டேப்பெட் கவருக்குள் தடுப்புச் சுவர்களும் சுழற்பாதையும் கொண்ட பிரிப்பான் இருக்கிறது. கனமான ஆயில் துளிகள் சுவரில் மோதி ஒட்டி, வடிந்து கிரேங்க்கேஸுக்கே திரும்பிவிடும். மேலே போவது பெரும்பாலும் வாயு. அதன் பிறகு ஒரு டயாபிரம், டர்போ எவ்வளவு பலமாக உறிஞ்சினாலும் கிரேங்க்கேஸில் அளவுக்கு மீறிய வெற்றிடம் உண்டாகாமல் தடுக்கும். சில பெரிய லாரி என்ஜின்களில் ஆயில் அழுத்தத்தாலேயே சுழலும் மையவிலக்குப் பிரிப்பான்கூட உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த என்ஜினின் ரிங்குகள் நல்ல நிலையில் உள்ளன என்ற கணக்கில் இவை அளவெடுக்கப்பட்டவை. நன்றாகத் தேய்ந்துபோன நவீன டீசலும் தன் ஆயிலைக் குடித்து ஓடியதுண்டு. டர்போ சீல் போனாலும் அதே கதை. பட்டறையில் ஜீப்புக்குச் சேர்க்கப்போகும் குழாயில் பிரிப்பானும் இல்லை, டயாபிரமும் இல்லை, நல்ல ரிங்கும் இல்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் சரியல்ல. டீசலில் ஆயில் ஆவியோடு எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு திருப்பியனுப்பும் சைலன்சர்க் கரியும் இன்டேக்கில் சந்திக்கின்றன. தனித்தனியாக வந்தால் இவ்வளவு ஒட்டாது. இரண்டும் சேர்ந்தால் தார்போல இறுகி மேனிஃபோல்டின் வழியையே குறுக்கிவிடும். திறந்த குழாய் வைத்த பழைய டீசலுக்கு இந்த நோய் இல்லை, உண்மைதான். ஆனால் அந்த ஆவியை யாரோ மூச்சில் இழுக்கிறார்கள். மலையோட்டியின் ஜீப்பில் அது அவருடைய தோட்டத்து ஆட்கள்.

மலை இறங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. பெட்ரோல் காரில் கியரில் விட்டு நீண்ட இறக்கம் இறங்கும்போது மேனிஃபோல்டு வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். வால்வு கைடு சீல்கள் தேய்ந்திருந்தால் அந்த வெற்றிடம் அவற்றின் வழியே ஆயிலை உறிஞ்சும். அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் பின்னால் ஒரு நீலப்புகை மேகம் எழுந்து மறைந்தால் முதலில் அந்த சீல்களைச் சந்தேகியுங்கள். ஏற்றத்தில் தொடர்ந்து நீலப்புகை என்றால் சந்தேகம் ரிங்குகள்மேல்.

#16 குளிர்காற்று (சாந்தன்பாறை)

டீச்சர், ஹோஸைச் சாய்த்துப் பார்த்தேன். வழியவில்லை, துணியால் துடைத்தால் போய்விடும் பூச்சுதான். கேட்ச் கேன் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன். நண்பருக்குக் கோபம்.

#17 மலையோட்டி (குமுளி)

கம்பத்தில் ஒரு பட்டறையில் லீக் டெஸ்ட் செய்தார்கள். மூன்றாவது சிலிண்டரில் காற்று கொடுத்தபோது ஆயில் மூடித் துளையில் நன்றாகச் சீறியது. மற்ற மூன்றிலும் சீறல் குறைவு. அடுத்த அறுவடைக்கு முன் என்ஜினைத் திறப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அதுவரை ஆட்களை ஏற்றவில்லை, சரக்கு மட்டும். புகை உள்ளே வராமல் இருக்க, குழாயைச் சேசிஸ் ஓரமாகவே பின்பக்கம் வரை நீட்டிவிடலாமா?

#18 பழைய_ஸ்பேனர் (கொழிஞ்சாம்பாறை)

நீட்டலாம். உள்விட்டம் இப்போதைய குழாயைவிடக் குறையக் கூடாது, முடிந்தால் ஒரு அளவு கூட. தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயைப் போடாதீர்கள், சூட்டில் நசுங்கிப் போகும். ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் வாங்குங்கள். வழியெங்கும் தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிவு இருக்கவேண்டும். நடுவில் எங்காவது தொய்ந்து வளைந்தால் அந்த வளைவில் தண்ணீரும் ஆயிலும் தேங்கி அடைத்துக்கொள்ளும். முதல் பட்டறை போல்ட் வைத்துச் செய்ய நினைத்ததை அதுவே செய்துவிடும். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் விலகி இருக்கட்டும். நுனியைச் சாய்வாக வெட்டி வாய் பின்பக்கம் பார்க்க வையுங்கள். பின்சக்கரம் எறியும் சேறு படாத இடமாகப் பார்த்துக் கிளிப் போடுங்கள்.

என்ஜினைத் திறக்கும்போது மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு போரையும் அளந்து, எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். டேப்பெட் கவருக்குள் ஒரு தடுப்புத் தகடும் கம்பிவலையும் இருந்தால் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். அதைக் கழற்றியதும் தூக்கி எறியும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.